நாலு பேர் பாடினால் சுருதி போகாது

சென்ற மார்கழியில் ஒரு சபாவில் காலைச் சொற்பொழிவு. பேசியவர் பெரிய வித்வான். அவர் ஞானத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. நம் சங்கீதத்தில் இருக்கும் நுட்பம் மேல்நாட்டில் ஏன் இல்லை என்பதற்கு ஒரே மூச்சில் காரணம் சொன்னார்: "அவாளுக்கு ஹார்மனி வேண்டியிருந்தது, சுருதியை வித்துட்டா. நமக்குச் சுருதி வேண்டியிருந்தது, ஹார்மனியை விட்டோம். நாலு பேர் ஆளுக்கொரு சுரத்தைப் பிடிச்சுண்டு நின்னா சுருதி எங்கே ஓய் நிக்கும்?" அரங்கம் கைதட்டியது. எனக்கு அடுத்த நாற்காலிக்காரர் உற்சாகத்தில் என் தொடையிலும் ஒன்று போட்டார்.

இதே கருத்தை நேர் எதிர்த் தரப்பிலும் கேட்டிருக்கிறேன். தேவாலயப் பாடகர் குழு ஒன்றில் சில காலம் டெனர் பாடினேன். காந்தாரத்தைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்தால் இனிக்கிறதே என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். குழுவை நடத்தியவர் கீபோர்டில் அந்தக் கட்டையை மூன்று தடவை அழுத்திக் காட்டினார். "நாலு பார்ட் பாடுற இடத்துல நுண்சுருதி வேலையெல்லாம் வேண்டாம் பிரதர். கீபோர்டு சொல்றதுதான் சுருதி." வித்வானும் இவரும் ஒரு பந்தியில் உட்கார்ந்தால் இசையைப் பற்றி எதிலும் ஒத்துப்போக மாட்டார்கள். இந்த ஒன்றில் மட்டும் இருவரும் சேர்ந்து தலையாட்டுவார்கள்: நுண்சுருதி தனிக்குரலின் சொத்து, குரல்கள் கூடினால் பன்னிரண்டு சமக் கட்டைகள்தான் கதி.

இது தலைகீழான தவறு. ஒரு சுரம் தன் இடத்தில் நிற்கிறதா இல்லையா என்பது, இன்னொரு சுரம் அதன் பக்கத்தில் வந்து நிற்கும்போதுதான் காதுக்குச் சந்தேகமறத் தெரிகிறது. இதற்குச் சாட்சியாகப் பெரிய சிம்பனி எதையும் கூட்டிவரப் போவதில்லை. ஆங்கிலப் பள்ளிகளில் பிள்ளைகள் பாடும் ரவுண்ட் போதும்.

ரவுண்ட் எல்லோருக்கும் தெரியும். 'ரோ ரோ ரோ யுவர் போட்' பாடாத எல்கேஜி இருக்கிறதா? ஒரே மெட்டுதான். முதல் ஆள் முதல் வரியை முடித்து இரண்டாம் வரிக்குப் போகும்போது இரண்டாம் ஆள் முதல் வரியைத் தொடங்குகிறார். அவர் இரண்டாம் வரிக்குப் போகையில் மூன்றாம் ஆள். பாட்டு தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டு சுற்றும். 'சுற்றுப்பாட்டு' என்று சொல்லலாம். இந்தக் கட்டுரையில் அப்படித்தான் சொல்லப்போகிறேன்.

"அது குழந்தை விளையாட்டு" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. 13ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் ரெடிங் மடத்து ஏட்டில் எழுதப்பட்ட 'சுமெர் இஸ் இகுமென் இன்' ஒரு சுற்றுப்பாட்டு. நாலு குரல் ஒன்றை ஒன்று துரத்த, இரண்டு குரல் கீழே ஒரே சிறு சொற்றொடரைத் திரும்பத் திரும்பப் பாடும். அந்தக் கீழ்க்குரலுக்கு ஏட்டில் லத்தீனில் 'பெஸ்' என்று பெயர், அதாவது பாதம். 1609இல் தாமஸ் ரேவன்ஸ்கிராஃப்ட் லண்டனில் 'பம்மேலியா' என்று சுற்றுப்பாட்டுகளுக்கே ஒரு புத்தகம் போட்டார். அதில் அடங்காமல் அதே ஆண்டில் இன்னொன்றும் போட்டார். இசையமைப்பாளர் பர்சல் மதுக்கடையில் கூடுகிறவர்களுக்காக எழுதினார். ஹைடன் தான் எழுதிய நாற்பதுக்கும் மேற்பட்ட கேனன்களை (சுற்றுப்பாட்டும் கேனனில் ஒரு வகைதான்) சட்டம் போட்டுப் படுக்கையறைச் சுவரில் மாட்டியிருந்தார். மொட்சார்ட் நண்பர்களுக்கு எழுதிய கேனன்களின் வரிகளைக் குடும்பப் பத்திரிகையில் அச்சிட முடியாது. ஆக, குழந்தைகள் பாடுகிறார்கள் என்பது அந்த வடிவத்தின் எளிமைக்குச் சான்றே தவிர அதன் மட்டத்துக்குச் சான்றல்ல.

இனி சுருதிக்கு வருவோம்.

வித்வானிடம் நான் கேட்க நினைத்து, மேடையைப் பார்த்துக் கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்ட கேள்வி இது: ஐயா, தம்புராவை நிறுத்திவிட்டு நீங்கள் பாடினால் உங்கள் சுருதியை எதை வைத்து அளப்பீர்கள்? சுருதி என்பது ஒற்றை ஒலியின் குணம் அல்ல. இரண்டு ஒலிகளுக்கு நடுவில் இருக்கும் உறவு அது. தம்புரா மீட்டப்படுகிற நிமிஷத்திலேயே மேடையில் ஒன்றுக்கு மேற்பட்ட குரல் வந்துவிட்டது. மந்தர சட்ஜத் தந்தியைக் கூர்ந்து கேட்டால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாகக் கேட்கும். 'சுயம்பு காந்தாரம்' என்று அதற்குப் பேர் வைத்ததே நம் ஆட்கள்தான். ஒரு தந்திக்குள்ளேயே ச, ப, க மூன்றும் அடுக்காக நிற்கின்றன. ஐரோப்பியன் அதை 'மேஜர் கார்டு' என்று சொன்னால் மட்டும் நமக்கு ஏன் கோபம் வரவேண்டும்?

அந்த காந்தாரத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஐந்து கட்டைக்குச் சற்று மேலே, சட்ஜம் வினாடிக்கு 200 அதிர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுயம்பு காந்தாரம் 5/4 கணக்கில் 250இல் விழும். கீபோர்டின் காந்தாரம் 252. இரண்டே அதிர்வுதானே? தனியாகப் பாடிக் காட்டினால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வித்தியாசம் சொல்ல மாட்டார்கள். இப்போது ஒருவர் சட்ஜத்தைப் பிடித்து நிற்கட்டும், இன்னொருவர் கீபோர்டின் காந்தாரத்தைப் பிடிக்கட்டும். சட்ஜத்தின் ஐந்தாம் மடங்கு 1000. காந்தாரத்தின் நாலாம் மடங்கு 1008. இந்த இரண்டும் மோதி வினாடிக்கு எட்டுத் தடவை ஒலி ஏறி இறங்கும். பள்ளி இயற்பியலில் 'விம்மல்' என்று படித்தோமே, அதுதான். காந்தாரம் பாடுகிறவர் குரலை ஒரு மயிரிழை இறக்கினால் விம்மல் ஐந்தாகும், மூன்றாகும், ஒன்றாகும், பிறகு நின்றுவிடும். நிற்கிற கணத்தில் இரண்டு குரலும் ஒரே உலோகத்தில் வார்த்ததுபோல் ஆகிவிடும். இதற்கு ஞானம் தேவையில்லை, நல்ல காதுகூடத் தேவையில்லை. சைக்கிள் செயின் உரசுவது நின்றுவிட்டது என்று எப்படித் தெரிகிறதோ அப்படித் தெரியும்.

அப்படியென்றால் குரல்கள் கூடும் இடம்தான் நுண்சுருதிக்குப் பரிசோதனைச்சாலை. இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஈவ்ஷம் மடத்துத் துறவி வால்டர் ஓடிங்டன் 1300ஐ ஒட்டி எழுதிவைத்துவிட்டுப் போன சங்கதி. அன்றைய ஐரோப்பாவில் ஏட்டுக் கணக்கின்படி காந்தாரம் 81/64. பஞ்சமத்தின் மேல் பஞ்சமமாக அடுக்கிக் கிடைத்தது, விறைப்பானது. ஏட்டில் எது இருந்தாலும் மனிதக் குரல்கள் அதை 5/4க்குப் பக்கத்தில் கொண்டுபோய் இனிக்க வைத்துவிடுகின்றன என்பதை அவர் கவனித்திருக்கிறார். துறவிகள் கீபோர்டைக் கேட்டு அதைச் செய்யவில்லை. பக்கத்துத் துறவியைக் கேட்டுச் செய்தார்கள்.

சுருதியை விற்றது யார் என்ற கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. ஹார்மனி விற்கவில்லை. ஹார்மனிக்காக ஐரோப்பியர்கள் நுண்சுருதியைத் தேடி அலைந்தார்கள். நிக்கோலா விச்சென்டினோ என்ற பாதிரியார் 1551இல் ரோமாபுரியில் பழங்கிரேக்கரின் நுண்சுரங்களைப் பற்றி வாதம் செய்து, தோற்று, பந்தயப் பணமாக இரண்டு தங்கக் காசு கட்டினார். தோற்றவர் சும்மா இருக்கவில்லை. 1555இல் தடிப்புத்தகம் ஒன்றை அச்சிட்டு, ஒரு ஸ்தாயியை 31 படிகளாகப் பிரிக்கும் ஆர்ச்சிசெம்பலோ என்ற கட்டைவாத்தியத்தை விளக்கினார். அதோடு நிற்காமல், நாலு குரல்களுக்கு நுண்சுரங்களில் பாட்டு எழுதிப் பாடகர்களுக்குச் சொல்லியும் கொடுத்தார். நுண்சுருதியில் பலகுரல் பாட்டு என்பது கணினி வந்தபின் பிறந்த கிறுக்கு என்று நினைப்பவர்கள் இந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளலாம்: தியாகராஜர் பிறப்பதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பு. அந்த 31 படிக் கணக்கு சாகவும் இல்லை. ஹாலந்தில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1691இல் அதைக் கணிதமாக எழுதினார். அதே நாட்டு இயற்பியலாளர் ஆட்ரியான் ஃபோக்கர் 1950இல் ஹார்லெம் நகர அருங்காட்சியகத்தில் 31 படி ஆர்கன் ஒன்றையே நிறுவினார்.

பன்னிரண்டு சமப்பகுப்பு என்பது கட்டைவாத்தியத்தின் சமரசம். எந்தச் சுருதியில் தொடங்கினாலும் ஒரே வாத்தியம் போதவேண்டும் என்ற சௌகரியத்துக்காக எல்லாக் காந்தாரத்தையும் கொஞ்சம் கெடுத்துப் பங்குபோட்ட ஏற்பாடு அது. நாலு பேர் வாத்தியம் இல்லாமல் நின்று பாடும்போது அந்தச் சமரசத்துக்குக் கட்டுப்பட வேண்டிய அவசியமே கிடையாது. குற்றவாளி கட்டையாக இருக்க, தண்டனையைக் கூட்டுக்குரலுக்குக் கொடுக்கிறோம்.

நம் வானொலிச் சரித்திரத்திலேயே இதற்கு ஒரு வேடிக்கையான ஆதாரம் உண்டு. அகில இந்திய வானொலி 1940இல் ஹார்மோனியத்தைத் தள்ளிவைத்தது. 1971 வரை கதவு திறக்கவில்லை. இதைச் சுருதிக்கும் ஹார்மனிக்கும் நடந்த யுத்தத்தில் சுருதியின் வெற்றியாகக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. ஹார்மோனியத்தை எதிர்த்து 1938இல் எழுதியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? டெல்லி வானொலியில் மேற்கத்திய இசைப் பொறுப்பில் இருந்த ஜான் ஃபோல்ட்ஸ். மான்செஸ்டர்க்காரர், பெரிய பாடகர் குழுக்களுக்கு எழுதியவர், கால் சுரங்களைத் தன் செல்லோ சொனாட்டாவிலேயே வைத்தவர். நாடி நரம்பெல்லாம் ஹார்மனி ஊறிய மனிதர். அவருக்கும் ஹார்மோனியத்தின் மேல் கோபம். அந்தக் கோபம் கட்டை மேல்தான்.

"சரி, வாத்தியம் வேண்டாம். ஆனால் விசித்திரமான சுரங்களைப் பல பேர் சேர்ந்து பிடித்து நிறுத்த முடியுமா?" இது நியாயமான கேள்வி. இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் 1968இல் எழுதிய 'ஷ்டிமுங்' ஆறு குரல்களுக்கானது. 57 அதிர்வுள்ள ஒரு தாழ்ந்த சுரத்தின் 2, 3, 4, 5, 7, 9ஆம் மடங்குகள்தான் மொத்த உருப்படியும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆறு பேர் அந்த ஒரே அடுக்கில் உட்கார்ந்து பாடுகிறார்கள். பாடிப் பதிவும் செய்திருக்கிறார்கள். ஏழாம் மடங்கு என்றதும் மலைக்க வேண்டாம். அமெரிக்காவின் பார்பர்ஷாப் நாலுகுரல் குழுக்கள் அதை வாரக்கடைசியில் பாடுகின்றன. 1938இல் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் சங்கம் வைத்துத் தொடங்கியவர்கள் அவர்கள். பெரும்பாலும் தொழில்முறைப் பாடகர்கள் அல்ல. ஏழாம் சுரத்தைச் சரியான இடத்தில் இறக்கி வைத்தால் அடுக்கு 'மணி அடிக்கும்' என்பது அவர்கள் பேச்சு. 7/4 என்ற பின்னம் அவர்களில் பலருக்குத் தெரியாது. மணி அடிக்கிறதா என்பது தெரியும்.

இந்த இடத்தில் என் தரப்பின் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். எதிரிகள் சொல்லாமல் விட்டது, ஆனால் சொல்லியிருக்க வேண்டியது. சுற்றுப்பாட்டைத் தூய சுருதியில் பாடினால் பாட்டு வழுக்கும். இதை முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவர் இத்தாலியக் கணித அறிஞர் ஜான்பட்டிஸ்டா பெனதெத்தி. இசைக்கலைஞர் சிப்ரியானோ டி ரோருக்கு 1563 வாக்கில் எழுதிய கடிதங்களில் காட்டினார். 1585இல் டூரினில் அவை அச்சேறின.

நம் மொழியில் சொல்கிறேன். ச-க-ப என்ற அடுக்கில் தொடங்குங்கள். அடுத்த அடுக்கு த-ச-க. அதற்கடுத்து ரி-ம-த. பிறகு ப-நி-ரி. மறுபடியும் ச-க-ப. எத்தனையோ மேல்நாட்டுப் பாட்டும் நம் சினிமாப் பாட்டும் சுற்றுகிற பாதை இது. ஒவ்வோர் அடுக்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு சுரமாவது பொது. பாடுகிறவர் அதை அசையாமல் பிடித்துக்கொள்கிறார், மற்றவர்கள் அதற்கு விம்மல் இல்லாமல் சேர்கிறார்கள். எல்லோரும் யோக்கியர்கள், எல்லோரும் தூய சுருதி. ஆனால் தைவதத்தோடு சேர வேண்டிய ரிஷபம் 10/9, அதாவது திரிசுருதி ரிஷபம். பஞ்சமத்தோடு சேர வேண்டிய ரிஷபம் 9/8, சதுச்ருதி. ஒரே ஆள் ஒரே ரிஷபத்தை அசையாமல் பிடித்து நின்றால், பஞ்சமம் இறங்கி வந்து அவரோடு சேரும், அதன் பின்னால் சட்ஜமும் இறங்கும். இறங்குகிற அளவு 81/80. நம் சாஸ்திரத்தில் பிரமாண சுருதி என்கிறோமே, அதே. ஸ்தாயியை 1200 செண்ட்டாகப் பிரித்தால் அது 21.5 செண்ட். மூன்று வரி, மூன்று குரல் சுற்றுப்பாட்டு ஒன்றை இந்தப் பாதையில் ஆளுக்கு ஒரு தடவை பாடி முடிக்க ஐந்து சுற்று ஆகும். ஐந்து கட்டையில் தொடங்கிய பாட்டு நாலரைக் கட்டைக்கும் சற்றுக் கீழே போய் நிற்கும். யாரும் அபஸ்வரம் பாடவில்லை!

"பார்த்தீர்களா, இதனால்தான் கீபோர்டு" என்பார் என் பழைய குழுத் தலைவர். இல்லை. வீட்டில் ஒரு குழாய் ஒழுகினால் வீட்டையே இடிப்பதில்லை. வழிகள் 16ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்தவை. விச்சென்டினோவின் 31 படியில் ஒவ்வொரு பஞ்சமத்திலும் ஐந்து செண்ட் குறைத்து அந்தப் பிரமாண சுருதியைக் கரைத்துவிடுகிறார்கள். காந்தாரம் 387 செண்ட், தூய காந்தாரமான 386இலிருந்து மயிரிழை. கீபோர்டின் 400ஐவிட எவ்வளவோ மேல். இல்லையென்றால், ஒரு வரியில் இறங்கும் பாதையையும் இன்னொரு வரியில் ஏறும் பாதையையும் வைத்துப் பாட்டு தொடங்கிய இடத்துக்கே வரும்படி எழுதலாம். எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. வழுக்குகிற பாதையில் போகாமலே எழுதுவது. ரெடிங் மடத்துப் பாட்டில் கீழே ஒரு 'பாதம்' ஊன்றியிருக்கிறதே, அதுபோல் ஊன்றிக்கொள்வது. தம்புராக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா?

சுற்றுப்பாட்டு எழுதுகிற முறை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதற்கு எதிரானது. மெட்டை முதலில் எழுதி, அது தன்னோடு தானே சேருமா என்று பார்ப்பதில்லை. கோடு போட்ட நோட்டில் கட்டங்கள் போட்டு, மேலிருந்து கீழாக ஒவ்வொரு கட்டமும் ஒலிக்கவேண்டியதை முதலில் எழுதுகிறோம். பிறகு வரிகளை இடமிருந்து வலமாக ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஒரே மெட்டாகப் பாடுகிறோம். தறியில் பாவு முதலில், ஊடை பிறகு. நுண்சுருதிக்கு என்று இதில் கூடுதலாக ஒன்றே ஒன்று: கட்டத்துக்குள் ச ரி க ம போடாமல் எண்ணைப் போடுவது. நான் போன வருஷம் எழுதிய பொடிப் பாட்டு இது. பெருமைக்குரியதல்ல, வேலை செய்யும்.

8, 9, 10, 8
10, 12, 12, 10
12, 14, 14, 12

8 சட்ஜம். 9 ரிஷபம், 10 காந்தாரம், 12 பஞ்சமம். 14தான் விருந்தாளி. 7/4; சட்ஜத்திலிருந்து 969 செண்ட். கீபோர்டின் கைசிகி நிஷாதம் 1000. நம் கைசிகிக்குச் சொல்லும் 16/9க்கும்கூட இது நன்றாகக் கீழே நிற்கிறது; வழக்கமான 22 சுருதிப் பட்டியலில் இதற்கு நாற்காலியே கிடையாது. எல்லா எண்ணும் ஒரே அடிச்சுரத்தின் மடங்கு என்பதால் தம்புரா ஓடிக்கொண்டிருக்கும்வரை வழுக்கலும் கிடையாது. கீழ்நோக்கிப் படியுங்கள்: முதல் கட்டம் 8:10:12, சுயம்பு அடுக்கு. இரண்டாவது கட்டம் 9:12:14, கொஞ்சம் புளிப்பு. மூன்றாவது 10:12:14, அதாவது 5:6:7. பாட்டின் மொத்த சுவாரஸ்யமும் இங்கேதான். நாலாவதில் வீடு வந்து சேர்கிறது.

இதை மொட்டைமாடியில் பாடியவர்கள் சங்கீதக்காரர்கள் அல்ல. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பையன் ஒருவன், கீழ்வீட்டு அக்கா, நான். செல்போனில் தம்புரா. மூன்றாம் வரியைத் தனியாகச் சொல்லிக்கொடுத்தபோது வாத்தியார் முகம் சுளித்தார். "தம்பி, இந்த நி இறங்கி நிக்குதே. தப்பாத்தானே கேக்குது?" ஆமாம் சார், தனியாக நின்றால் தப்புதான் என்றேன். பத்து நிமிடம் நால்வரும் சேர்ந்தே பாடினோம். பிறகு பிரித்தேன். அக்கா முதலில், பையன் அடுத்து, வாத்தியார் கடைசியில் நுழைந்தார். முதல் இரண்டு சுற்று தள்ளாட்டம். பையன் காந்தாரத்தை ஏற்றினான், வாத்தியார் நிஷாதத்தைத் தன் பழக்கத்துக்கு ஏற்றினார். நாலாவதோ ஐந்தாவதோ சுற்றில் மூன்றாவது கட்டம் வந்தபோது அக்கா சட்டென்று பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "யாருப்பா விசில் அடிக்கிறது?"

யாரும் அடிக்கவில்லை. மூன்று குரலின் மேற்சுரங்களும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி, யாரும் பாடாத ஓர் ஒலி மேலே எழுந்தது. டல்சாக்காரர்களின் மணி அதுதான். அதன்பிறகு நான் ஒன்றும் திருத்தவில்லை. விசில் வந்தால் சரி, வராவிட்டால் சரியில்லை என்று அவர்களே ஒருவரையொருவர் திருத்திக்கொண்டார்கள். வாத்தியார் இரவு பத்து மணிக்கு போன் பண்ணி, 5:6:7க்குப் பதிலாக 6:7:9 போட்டால் என்ன ஆகும் என்று கேட்டார்.

பலகுரல் பாட்டு எத்தனையோ வகை இருக்க, ஏன் சுற்றுப்பாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால் இதனால்தான். சாதாரண நாலு பார்ட் பாட்டில் ஆல்ட்டோ பாடுகிறவர் ஆயுள் முழுக்க ஆல்ட்டோதான். அடுத்தவர் சிரமம் இவருக்குத் தெரியாது. சுற்றுப்பாட்டில் ஒரே மெட்டைக் கற்றால் போதும். எல்லோரும் எல்லாப் படியிலும் உட்கார்ந்து எழுந்தவர்கள். பதினாலில் இப்போது நிற்பவர், சற்று முன்பு பத்தில் நின்று பதினாலைக் கேட்டவர். கேட்ட ஒலியைத்தான் இப்போது தான் கொடுக்கவேண்டும் என்பது யாரும் சொல்லாமலே விளங்கிவிடுகிறது. அதோடு, அதே அடுக்கு திரும்பத் திரும்ப வருகிறது. தப்பினால் அடுத்த சுற்றில் சரி செய்யலாம். நுண்சுருதிக்குக் காதைப் பழக்க இதைவிடப் பொறுமையான வாத்தியார் கிடையாது.

படிகளின் எண்ணிக்கையைப் பற்றிய நம் பழைய சண்டைக்கும் இது ஒரு வழி காட்டும். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 22 சுருதிக் கணக்கை மறுத்து, ஸ்தாயி 24 சம அலகுகள் என்று 1916இல் பரோடா மாநாடு வரை போய் வாதாடினார். அடுத்த ஆண்டே 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலைத் தந்தார். அவர் உழைப்புக்கு முன்னால் நாமெல்லாம் தூசு. ஆனால் 24 சமப் படியில் காந்தாரம் எங்கே விழுகிறது? எட்டாவது படியில், 400 செண்ட். கீபோர்டு காந்தாரமேதான், படியை இரட்டிப்பாக்கியும் விம்மல் போகவில்லை. அதே 24இல் பதினோராவது படி 550 செண்ட். 11ஆம் மடங்கான 11/8 விழுகிற இடம் 551. சுத்த மத்தியமத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் நட்ட நடுவில் நிற்கும் அந்தச் சுரத்தை அவருடைய கணக்கு கிட்டத்தட்ட அப்படியே பிடித்துவிடுகிறது. 22ஆ, 24ஆ, 31ஆ என்று ஏட்டை வைத்துக்கொண்டு நூறு வருஷமாக அடித்துக்கொள்கிறோம். மூன்று பேரை நிறுத்தி வைத்துக் கேட்டால், எந்தப் பகுப்பு எந்தச் சுரத்துக்கு நல்லது என்று ஒரு சாயங்காலத்தில் தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் வித்வானுக்கு முழுமனதோடு விட்டுக்கொடுக்கிறேன். தோடியைச் சுற்றுப்பாட்டாக்க முடியாது. ஆக்கவும் கூடாது. கமகத்தில் அசைகிற காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. அதன் அழகே அந்த அசைவு. அதன்மேல் இன்னொரு குரலை அடுக்கினால் இரண்டும் நாசம். நின்று ஒலிக்கிற சுரங்களுக்கான கலை வேறு. அந்தக் கலை நம்முடையதைவிட உயர்ந்தது என்றும் நான் சொல்லவில்லை. குரல்கள் கூடினால் சுருதி ஓடிப்போகும் என்று மட்டும் இனி யாரும் மேடையில் சொல்லவேண்டாம் என்கிறேன்.

மொட்டைமாடியில் இப்போது அடுத்த பாட்டு நடக்கிறது. இரண்டாம் வரியின் இரண்டாவது கட்டத்தில் 12ஐ எடுத்துவிட்டு 11ஐ வைத்திருக்கிறேன், கீழ்நோக்கி 9:11:14. மூன்று வாரமாகியும் பிடிபடவில்லை. விசில் ஒரு தடவை வந்தது, வந்த வேகத்தில் போயிற்று. நாலாவது குரல் ஒன்று கீழே 8ஐப் பிடித்து நின்றால் வரும் என்று வாத்தியார் சொல்கிறார். அன்று சபாவில் என் தொடையில் தட்டியவர் இதைப் படித்தால், ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு வரலாம்.